பாதி விலைக்கு வந்த பில்டர் ஷேர்: 2020-இல் போட்ட ஒரு கணக்கு

2020 மே மாதக் கடைசி. ஊரடங்கில் நின்றுபோன ஏலக்காய் ஏலம் இரண்டு மாதம் கழித்து அப்போதுதான் மறுபடி ஆரம்பித்திருந்தது. சென்னை ஆபீஸ் பூட்டிக் கிடந்ததால் நான் போடி வீட்டு மாடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மகன் போன் செய்தான். அவனுக்குப் பூப்பாறை பக்கம் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்ட பாஸ் கிடைக்காமல், தோட்டத்தைப் பார்த்தே பல வாரம் ஆகியிருந்தது.

"அண்ணே, வீடு கட்டுற கம்பெனி ஷேரெல்லாம் பாதி விலைக்குக் கெடக்குதாம்ல. வாங்கிப் போட்டுறவா? வீடு கட்டாமயா இருக்கப் போறாங்க?"

கையில் மூன்று லட்சம் வைத்திருந்தான். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் என்று ஏலக்காய் சாதனை விலை தொட்டது நினைவிருக்கலாம். 2018 வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலை அடித்ததால் வந்த விலை அது. இவன் காய் அந்த உச்சத்துக்குப் போகவில்லை, ஆனாலும் அந்த சீசனில் கொஞ்சம் மிஞ்சியது. மகள் காலேஜுக்கு என்று எடுத்து வைத்த பணம்.

அவன் கேட்டது நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் நாடு முழுக்கப் பலர் கேட்டதும் அதுதான். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. அதற்குப் பின் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் வரிசையாக டீமேட் கணக்கு தொடங்கினார்கள். 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த கணக்குகள் ஒரே வருஷத்தில் ஐந்தரைக் கோடி அளவுக்கு ஏறின. பத்து பில்டர் கம்பெனிகளைக் கொண்ட நிஃப்டி ரியால்டி குறியீடு பிப்ரவரியில் இருந்த இடத்திலிருந்து ஏறக்குறைய பாதிக்கு வந்திருந்தது.

"வாங்கலாம்" என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஒரு வாரம் பொறு என்று சொல்லிவிட்டு, ராத்திரி உட்கார்ந்து ஆண்டறிக்கைகளைப் படித்தேன். அதில் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் "பாதி விலை" என்ற சொல். டிஎல்எஃப் 2007-இல் 525 ரூபாய்க்கு ஐபிஓ வந்தது. 2008 ஜனவரியில் 1,200-ஐத் தாண்டியது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2020 மார்ச்சில், 150-க்கும் கீழே. இத்தனைக்கும் அது உயிரோடு இருந்த கம்பெனி. யூனிடெக்கும் அதே 2008 ஜனவரியில்தான் உச்சம், 500-க்கு மேல். 2009-இல் முப்பது ரூபாய்ப் பக்கம் வந்தபோது "இதுக்கு மேல எங்க விழும்" என்று வாங்கியவர்கள் உண்டு. விழுந்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் யூனிடெக் நிர்வாகத்தை மத்திய அரசு எடுத்துக்கொள்ள அனுமதித்தபோது ஷேர் விலை ஓரிரு ரூபாய். ஆக, 90 சதவீதம் விழுந்த ஷேர் அங்கிருந்து இன்னொரு 90 சதவீதம் விழலாம். எவ்வளவு விழுந்தது என்பதை வைத்து மலிவு என்று முடிவு கட்டுவதில் அர்த்தமில்லை.

அப்படியானால் லாபத்தைப் பார்க்கலாமா? மற்ற தொழில்களில் விலையை லாபத்தால் வகுத்து ஏதோ ஒரு நிதானத்துக்கு வருவோம். பில்டர் கம்பெனியில் அது காலை வாரிவிடும். 2018 ஏப்ரலிலிருந்து வந்த புதிய கணக்கு விதிப்படி, பெரும்பாலும் வீட்டைக் கட்டி முடித்து ஒப்படைக்கும்போதுதான் அதை வருமானமாகக் காட்ட முடியும். அதாவது 2020-இல் ஒரு கம்பெனி காட்டிய லாபம் 2016, 2017-இல் புக் ஆன வீடுகளுடையது. இன்றைக்கு ஒருத்தர்கூட வீடு வாங்க வரவில்லை என்றாலும் அந்த லாபம் அழகாகத்தான் தெரியும். நேர்மாறாக, விற்பனை பிரமாதமாக நடக்கிற கம்பெனி நஷ்டம் காட்டலாம். போன வருஷம் ஸ்டோரில் உலர்த்திய காயின் பில்லைக் காட்டி இந்த வருஷத் தோட்டத்தை விற்பது போல.

அதனால் லாபத்தை விட்டுவிட்டு மூன்று எண்களைத் தேடினேன்: அந்தக் காலாண்டில் புக் ஆன விற்பனை, கையில் வந்த வசூல், நிகரக் கடன். இவை லாப நஷ்டக் கணக்கில் இருக்காது. முதலீட்டாளர்களுக்கு வெளியிடும் விளக்கப் படங்களில் இருக்கும். அதில் வசூலைத் தரவே இல்லையென்றால், அந்தக் கம்பெனியை நான் அங்கேயே மூடி வைத்துவிடுவேன்.

வசூல் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கற்பனைக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் 200 கோடி. மாதம் வட்டியும் சம்பளமும் 15 கோடி, சைட் செலவு 25 கோடி. வழக்கமான வசூல் மாதம் 60 கோடி. நல்ல காலத்தில் மாதம் 20 கோடி மிஞ்சும். ஊரடங்கில் வசூல் 15 கோடியாகச் சுருங்கினால் மாதம் 25 கோடி கையைக் கடிக்கும். எட்டு மாதத்தில் 200 கோடியும் காலி. நடுவில் 300 கோடி கடன் தவணை ஒன்று வந்தால் எட்டு மாதம்கூட இல்லை, பேங்க்காரர் மனசு வைத்தால்தான் உண்டு.

சரி, சைட்டை நிறுத்திவிட்டால் செலவு மிச்சம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அங்கேதான் சிக்கல். பெரும்பாலான வீடுகளுக்குத் தவணை கட்டுமானத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. அஸ்திவாரத்துக்கு இவ்வளவு, ஒவ்வொரு ஸ்லாபுக்கும் இவ்வளவு. ஸ்லாப் போடவில்லை என்றால் புக் செய்தவர் தவணை கட்ட வேண்டியதில்லை, பேங்கும் லோனை விடுவிக்காது. பீகாருக்கும் ஒடிசாவுக்கும் தொழிலாளர்கள் நடந்தே போனார்களே, அந்த நாட்களில் பில்டர்களுக்குப் புதிய கஸ்டமர் வராததைவிடப் பெரிய அடி இதுதான் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே விற்ற வீட்டுக்கே பணம் வராது.

"எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம்" என்று மேலே சொன்னதற்கும் காரணம் உண்டு. ரேரா சட்டப்படி ஒரு புராஜெக்டில் வீடு வாங்குபவர்களிடம் வசூலிப்பதில் 70 சதவீதத்தைத் தனி பேங்க் கணக்கில் போட வேண்டும். அதை அந்தப் புராஜெக்டின் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே எடுக்கலாம். பேலன்ஸ் ஷீட்டில் ரொக்கம் 500 கோடி என்று இருந்தால், அதில் ஒரு பகுதி இப்படிப் பூட்டிய பணம். ஹெட் ஆபீஸ் கடனை அடைக்க அதைத் தொட முடியாது. வீடு வாங்குபவருக்கு இது நல்ல சட்டம், சந்தேகமில்லை. ஷேர் வாங்குபவர் இதை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால் ஏமாறுவார்.

வரிசையில் நாம் எங்கே நிற்கிறோம் என்பதும் இதோடு சேர்ந்தது. நான் பத்து வருஷத்துக்கு முன் சென்னைக்கு வெளியே ஒரு பிளாட்டுக்குப் பணம் கட்டி, சாவி வாங்க நான்கு வருஷம் கூடுதலாக அலைந்தவன். அந்த பில்டரைத் திட்டாத நாளில்லை. ஆனால் சட்டத்தைப் படித்தபோது ஒன்று புரிந்தது. கம்பெனி திவாலானால் பேங்குகள் கடன்காரர்கள். 2018 திருத்தத்துக்குப் பின் வீட்டுக்குப் பணம் கட்டியவர்களும் நிதிக் கடன்காரர்கள். இவர்களுக்கும் மற்ற பாக்கிக்காரர்களுக்கும் போக ஏதாவது மிஞ்சினால் கடைசியில் ஷேர்ஹோல்டர். அனேகமாக எதுவும் மிஞ்சாது. நான்கு வருஷம் தெருவில் நின்றதாக நினைத்துக்கொண்டிருந்த நான், வரிசையில் பல பேருக்கு முன்னால்தான் நின்றிருக்கிறேன்.

அந்த வருஷம் திவால் சட்டத்தையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். 2020 மார்ச் 25-க்குப் பின் தவறிய கடனுக்காகப் புதிதாக வழக்குப் போட முடியாது. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் 31 வரை தவணை ஒத்திவைப்பு கொடுத்தது. ரேராவில் புராஜெக்ட் முடிக்க ஆறு மாதம் கூடுதல் அவகாசம். மூச்சு விட நேரம் கொடுத்தது சரிதான். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு நோயாளியும் ஆரோக்கியமானவனும் ஒரே மாதிரி தெரிந்த காலம் அது. கடன் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் மட்டுமே வித்தியாசம் தெரியும்.

பிரித்துப் பார்த்தேன். ஓபராய் ரியால்டிக்குக் கடன் குறைவு. டிஎல்எஃப் புரமோட்டர்கள் 2017-இல் வாடகைத் தொழிலில் தங்களுக்கிருந்த பங்கைச் சிங்கப்பூரின் ஜிஐசிக்கு விற்று, அதில் பெரும்பகுதியைக் கம்பெனிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். பிரெஸ்டீஜுக்குக் கடன் அதிகம், ஆனால் விற்கக்கூடிய ஆபீஸ் கட்டடங்கள் இருந்தன. பின்னர் பிளாக்ஸ்டோனுக்கு ஒரு பெரிய தொகுதியை விற்கவும் செய்தார்கள். பிரிட்டனிலும் இதே கதைதான். 2008-இல் கடனில் மூழ்கி அடிபட்ட பெரிய பில்டர்கள், பெர்சிமன், டெய்லர் விம்பி போன்றவர்கள், 2020-க்குள் கையில் ரொக்கத்தோடு நுழைந்தார்கள். டெய்லர் விம்பி அந்த ஜூனிலேயே புதிய ஷேர் விற்று 50 கோடி பவுண்டுக்கு மேல் திரட்டியது. உயிர் பிழைக்க அல்ல, மலிவாக நிலம் வாங்க.

தம்பி கேட்டதில் பாதி சரி. வீடு கட்டாமல் யாரும் இருக்கவில்லை. ரெப்போ வட்டி 4 சதவீதமாக இறங்கியது, வீட்டுக் கடன் 7 சதவீதத்துக்குக் கீழே வந்தது. மகாராஷ்டிரா செப்டம்பரிலிருந்து முத்திரைத்தாள் கட்டணத்தை 5-லிருந்து 2 சதவீதமாகக் குறைத்தது. நிஃப்டி ரியால்டி 2021 தொடக்கத்திலேயே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் திரும்பி வந்த விற்பனை, கட்டி முடிப்பார்கள் என்று ஜனங்கள் நம்பிய கம்பெனிகளுக்குத்தான் போனது. (டிஎல்எஃப் தன் பழைய 525-ஐத் திரும்பப் பார்க்க 2023 ஆனது. 2007-இல் வாங்கி வைத்திருந்தவருக்குப் பதினாறு வருஷம்.)

ஒரு வாரம் கழித்து இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். காலேஜ் பணத்தைத் தொடாதே, தொட்டே ஆக வேண்டுமென்றால் கால்வாசி, அதுவும் கடன் குறைந்த கம்பெனியில் என்றேன். "சரிண்ணே" என்றான். நானும் கொஞ்சம் வாங்கினேன். நாற்பது சதவீதம் ஏறியதும் பயந்து விற்றேன். அதற்குப் பின் அது ஏறிய ஏற்றத்தைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

2021 ஜூனில்தான் அவன் வேறொன்றும் வாங்கியிருந்தது தெரிந்தது. டிஎச்எஃப்எல். வீடு கட்டும் கம்பெனி அல்ல, வீட்டுக் கடன் கொடுத்த கம்பெனி. 2018 செப்டம்பரில் 600-க்கு மேல் இருந்தது, 2020-இல் பத்து பதினைந்து ரூபாய்க்குக் கிடந்தது. நாற்பதாயிரத்துக்கு வாங்கியிருக்கிறான். அது அப்போதே திவால் நடவடிக்கையில் இருந்தது. "பெரிய கம்பெனி எடுக்கப் போகுதுன்னாங்கண்ணே." எடுத்ததும் உண்மை. பிராமல் குழுமத்தின் திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது, அந்த நாட்களில் ஷேர் தினம் தினம் மேல் சர்க்யூட் அடித்தது. அந்தத் திட்டத்திலேயே பழைய ஷேர்களின் மதிப்பு பூஜ்யம் என்று எழுதியிருந்தது. வர்த்தகத்தை நிறுத்தி, ஷேரை ரத்து செய்தார்கள். கம்பெனி பிழைத்தது, கடன்காரர்களுக்கு ஒரு பகுதி கிடைத்தது, இவனுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை.

நான் அவனிடம் எண்களைச் சொன்னேனே தவிர, வரிசையைச் சொல்லவில்லை. என் பிளாட் கதையையே சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். அந்த வருஷம் ஏலக்காய் ஆயிரத்துக்கும் கீழே போனது. நாற்பதாயிரம் என்பது அவனுக்கு ஒரு தடவை உரமும் மருந்தும்.

டிசம்பரில் மறுபடி போன். ஸ்ரீராம் ப்ராபர்டீஸ் ஐபிஓ வந்த வாரம், விலை 118 ரூபாய். "கடன் எவ்வளவுன்னு பாத்துட்டேன்ணே. இதுல நமக்கு முன்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்கன்னு எங்க போட்டிருக்கும்?" ப்ராஸ்பெக்டஸில் கடன் பகுதி எந்தப் பக்கம் என்று தேடிச் சொன்னேன். ஷேர் ஐபிஓ விலைக்குக் கீழேதான் லிஸ்ட் ஆனது. அவன் போடவில்லை. அந்த வாரம் மேலே காய் எடுப்பு நடந்துகொண்டிருந்தது, ஆளுக்குக் கூலி கொடுக்கப் பணம் வேண்டியிருந்தது.