ஜொகூர்க் காப்பியும் நம் இல்லமும்

பெரட்டுக்குப் புறப்படும் முன் ஒரு குவளை காப்பி பருகாத தோட்டத் தொழிலாளர் மிகச் சிலரே. பொழுது புலருமுன் எழுந்து பால்மரம் வெட்டச் செல்பவருக்கு அதுவே நாளின் முதல் ஆகாரம். அவ்வாறிருந்தும், நாம் பருகும் தூளில் காப்பி எவ்வளவு, சீனி எவ்வளவு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உலகில் அரிதாக விளையும் ஒரு காப்பி வகை நம் ஜொகூர் மாநிலத்திலேயே விளைகிறது. அதை அறிந்து வாங்கி, வீட்டிலேயே செம்மையாக வடித்துப் பருகும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

ரப்பருக்கு முன் வந்த பயிர்

இலங்கையின் மலைத் தோட்டங்களில் 1869 ஆம் ஆண்டு இலைத்துரு நோய் தோன்றி, அங்கு செழித்திருந்த அராபிகாக் காப்பியைப் படிப்படியாக அழித்தது. அந்நோயைத் தாங்கக்கூடிய வகையைத் தேடியவர்களின் பார்வை, மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டுப் பெயரைத் தாங்கிய லைபீரிகாக் காப்பியின் மீது விழுந்தது. அராபிகாவுக்கு மலையின் குளிர்ச்சி வேண்டும். லைபீரிகாவோ வெப்பமான தாழ்நிலத்திலும் வளரும். ஆகவே அது மலாயாவுக்கு ஏற்ற பயிராயிற்று.

நம் முன்னோருள் ஒரு சாரார் இந்நாட்டுக்கு முதலில் வந்தது காப்பித் தோட்டங்களில் வேலை செய்யவே. 1890 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் பிரேசில் நாட்டின் மிகுதியான விளைச்சலால் உலகச் சந்தையில் காப்பி விலை வீழ்ந்தது. தோட்ட உரிமையாளர்கள் காப்பிச் செடிகளுக்கு இடையே ரப்பர்க் கன்றுகளை நட்டனர். நாளடைவில் ரப்பரே முழு நிலத்தையும் பிடித்துக்கொண்டது.

எனினும் காப்பி மறைந்துவிடவில்லை. சிறு நிலக்காரர்கள் அதைக் கைவிடாது காத்தனர். பத்து பகாட், பொந்தியான், குளுவாங் ஆகிய வட்டாரங்களில் லைபீரிகா நிலைபெற்றது. குளுவாங் இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலை 1938 ஆம் ஆண்டு முதல் காப்பிக்குப் பெயர் பெற்றது என்பதைப் பலரும் அறிவர். உலக உற்பத்தியில் லைபீரிகாவின் பங்கு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஆனால் தீபகற்ப மலேசியாவில் விளையும் காப்பியில் பெரும்பகுதி அதுவே. பெரிய கொட்டையும், பழுத்த பலாவை நினைவூட்டும் மணமும் அதன் அடையாளங்கள்.

தூளில் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் காப்பிக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பது நெடுநாள் வழக்கம். சீனி கருகிக் கொட்டையின் மேல் படிவதால் தூள் கன்னங்கறுப்பாகிறது. வடித்த நீரும் கெட்டியாகத் தோன்றுகிறது. சிலர் சோளம் முதலியவற்றையும் கலப்பர். இச்சுவைக்குப் பழகியவர் அதை விரும்பிப் பருகுவதில் தவறில்லை. ஆயினும் இரண்டு செய்திகளை அறிதல் நலம். கறுப்பு நிறம் காப்பியின் வலிமைக்கு அடையாளம் அன்று. மேலும், ஒரு கிலோ தூள் வாங்கும்போது அந்த எடையில் ஒரு பகுதி சீனியாகவும் சோளமாகவும் இருந்தால், அவற்றுக்கும் சேர்த்தே நாம் விலை கொடுக்கிறோம்.

ஆகவே பொட்டலத்தின் மேல் அச்சிட்டுள்ளதைப் படியுங்கள். ‘கோப்பி சம்புரான்’ என்றிருந்தால் அது கலப்புக் காப்பி. சேர்மானங்களில் கூலா என்பது சீனி. ஜாகோங் என்பது சோளம். கலப்பற்ற காப்பி வேண்டுவோர் சீனி சேர்க்காமல் வறுத்த லைபீரிகாக் கொட்டையைக் கேட்டு வாங்கலாம். தூளாக வாங்குவதைக் காட்டிலும் கொட்டையாகச் சிறிதளவு வாங்கி, வேண்டும்போது அரைத்துக்கொள்வதே சிறந்தது. அரைத்த தூளின் மணம் சில நாட்களிலேயே குன்றிவிடும்.

கொல்லையில் காப்பி மரம் இருந்தால்

சில வீட்டுக் கொல்லைகளில் காப்பி மரம் நின்றும், பழங்கள் வீணே உதிர்ந்து போகின்றன. அவற்றைப் பயன்படுத்தலாம். முற்றப் பழுத்தவற்றை மட்டும் பறித்து, தண்ணீரில் இட்டு, மிதப்பவற்றை நீக்குக. பறித்த பழத்தைச் சாக்கில் கட்டி வைத்தல் கூடாது. மங்கில் நெடுநேரம் நின்ற பால் கட்டிப்பாலாகித் தரம் இழப்பதை நாம் அறிவோம். குவித்து வைத்த காப்பிப் பழமும் அவ்வாறே சூடேறிப் புளித்து, கொட்டையின் சுவையைக் கெடுத்துவிடும்.

பழத்தைத் தரையில் கொட்டாமல், உயரத்தில் கட்டிய வலை அல்லது பாயின் மேல் மெல்லியதாகப் பரப்பி, நாள்தோறும் கிளறி உலர்த்துக. மழையும் இரவுப் பனியும் படாமல் மூடுக. லைபீரிகாவின் தோல் தடிப்பானது; ஆதலால் நன்றாகக் காய மூன்று நான்கு வாரம் ஆகலாம். பழத்தைக் குலுக்கினால் உள்ளே கொட்டை கலகலவென ஒலிக்க வேண்டும். பின்பு உரலில் இட்டு மெல்லக் குத்தி, முறத்தில் புடைத்துக்கொள்ளலாம். பத்துக் கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ கொட்டை கிடைத்தாலே மிகுதி. சிறு நிலக்காரரின் உழைப்பு எத்தகையது என்பதை இதனால் உணரலாம்.

வறுப்பதற்குக் கனமான இரும்புச் சட்டி போதும். மிதமான தீயில் கை ஓயாமல் கிளறுக. கொட்டை பழுப்பு நிறமாகிப் படபடவென வெடிக்கும். வெடிப்பு அடங்கியபின் ஓரிரு நிமிடத்தில் இறக்கி, முறத்தில் பரப்பி விரைவாக ஆற்றுக. ஒரு நாள் கழித்து அரைத்தால் சுவை கூடும்.

வடிக்கும் முறை

துணிப்பை வடிகட்டி நமக்குப் பழக்கமானது. 250 மில்லிலிட்டர் நீருக்கு 15 கிராம் தூள், அதாவது மூன்று மேசைக்கரண்டி, போதும். தூள் சற்றுக் கரடுமுரடாக இருத்தல் வேண்டும். தண்ணீர் கொதித்தபின் அரை நிமிடம் பொறுத்துத் தூளின் மேல் ஊற்றி, நான்கு நிமிடம் ஊறவிட்டு வடித்தெடுக்கலாம். தூளைக் கொதிக்கவிடுதலும், ஒரே தூளில் மீண்டும் மீண்டும் நீர் ஊற்றுதலும் கசப்பையே தரும். துணியைச் சவர்க்காரம் இடாமல் வெந்நீரில் அலசி, வெயிலில் உலர்த்துக.

தமிழகத்தில் வழங்கும் இரண்டடுக்குப் பித்தளை அல்லது எவர்சில்வர் பில்டரும் சிறந்த கருவியே. இதற்குத் தூள் சற்று நுண்மையாக இருக்கலாம். மேல் அடுக்கில் தூளை இட்டு மெல்ல அழுத்தி, வெந்நீர் ஊற்றி மூடினால், கால் மணி நேரத்திற்கும் மேலாகச் சொட்டுச் சொட்டாக டிகாக்‌ஷன் இறங்கும். அதனுடன் சூடான பாலைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சுவையே நமக்கு வழிகாட்டி. காப்பி கடுங்கசப்பாக இருந்தால் அடுத்த முறை தூளைச் சிறிது பெரிதாக அரைக்கவும். புளித்து நீர்த்திருந்தால் சிறிது நுண்மையாக அரைக்கவும்.

உடல்நலம் கருதி

டின் பாலின் எடையில் ஏறத்தாழப் பாதி சீனியே. சீனியிட்டு வறுத்த தூளில் டின் பாலையும் ஊற்றி, மேலும் ஒரு கரண்டி சீனி இடுவோர், நாளில் மூன்று குவளை பருகினால் எவ்வளவு சீனி உட்கொள்கின்றனர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ள குடும்பங்களுக்கு இது சிறிய செய்தி அன்று. நல்ல கொட்டையைச் செம்மையாக வடித்தால் சீனியின் தேவை தானே குறையும்.

உணவோடு காப்பி பருகினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வது குறைகிறது. ஆகவே இரத்தச் சோகை உள்ள பெண்கள் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பே பருகுவது நன்று. கருவுற்ற தாய்மார் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாரம் கடைக்குச் செல்லும்போது கால் கிலோ கலப்பற்ற ஜொகூர்க் கொட்டையை வாங்கிப் பாருங்கள். முதல் நாள் சீனியில் ஒரு கரண்டியைக் குறையுங்கள். சில நாட்களில் காப்பியின் உண்மைச் சுவையை நாக்கு அறிந்துகொள்ளும். அந்தப் பணத்தில் ஒரு பங்கு நம் மாநிலத்துச் சிறு நிலக்காரரின் உழைப்புக்கும் போய்ச் சேரும்.