படபடப்பை வரவழைக்கும் டாக்டர்

மயிலாடுதுறை வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் மகளுக்கு ரத்தக்குழாயில் அடைப்பே இல்லை என்கிறார் இதய டாக்டர். ஆனாலும் இன்னொரு இதய டாக்டரைப் பார்க்கச் சொல்கிறார். எதற்கு?"

அந்த இன்னொருவர் துடிப்பின் தாளத்தை மட்டும் பார்ப்பவர். ஆஸ்பத்திரிகளில் 'இ.பி. டாக்டர்' என்பார்கள். எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு எம்.டி., மூன்றாண்டு டி.எம். எல்லாம் முடித்தபின், வேலூர் சி.எம்.சி., திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் போன்ற இடங்களில் மறுபடியும் மாணவராகப் போய் உட்கார்ந்தவர்.

இவர்களிடம் எனக்குப் பிடித்த விநோதம், எந்த நோயைத் தீர்க்க வேண்டுமோ அதை முதலில் வரவழைப்பதுதான். 1967-இல் ஆம்ஸ்டர்டாமில் டிர்க் டுரரும் பாரிஸில் பிலிப் கூமெலும் தனித்தனியே தொடங்கிவைத்த முறை இது. தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய வயர்களை இதயத்துக்குள் செலுத்தி, சரியான கணத்தில் ஒரு துடிப்பைக் கூடுதலாகத் தட்டிவிடுவார்கள்.

சிலருக்கு மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்கும் சந்திப்பில் இரண்டு பாதைகள் இருக்கும். எங்கள் ஊரில் கடைத்தெரு, ஆற்றங்கரைச் சாலை என்று இரண்டு வழி. சாலையில் ரயில்வே கேட் மூடியிருந்தால் வண்டிகள் கடைத்தெருவில் ஊர்ந்து வரும். வந்து சேர்வதற்குள் கேட் திறந்துவிடும். அந்த வண்டி சாலை வழியே திரும்பி, மறுபடி கடைத்தெருவில் நுழைந்தால் எப்படியிருக்கும்? அந்தக் கூடுதல் துடிப்பு வரும்போது மின்சாரம் அப்படித்தான் சுற்றுகிறது. துடிப்பு நிமிடத்துக்கு 180-ஐத் தாண்டலாம்.

வயர்கள் பதிவு செய்வது திரையில் மூன்று அலைகளாகத் தெரியும்: மேலறைக்கு 'ஏ', இடையிலுள்ள மின்பாதைக்கு 'எச்', கீழறைக்கு 'வி'. 'எச்' அலையிலிருந்து 'வி' அலைக்குச் சாதாரணமாகச் சுமார் 35 முதல் 55 மில்லிவிநாடி. இந்த இடைவெளிகளைப் பார்த்தே சுற்று எங்கே என்று சொல்லப் பழகுவதற்குத்தான் அந்தக் கூடுதல் படிப்பு. பிறகு மெதுவான பாதையை ரேடியோ அலைச் சூட்டால் பொசுக்குவார்கள். சில மில்லிமீட்டர் தள்ளிப் பட்டால் நல்ல பாதையும் போய், பேஸ்மேக்கர் வைக்க வேண்டிவரும்.

எனக்கு ஆத்திரம் வேறொன்றில். படபடப்பு என்று ஒரு பெண் போய்ச் சொன்னால் 'டென்ஷன்', 'கேஸ்' என்று மாத்திரை எழுதி அனுப்புவது இன்னும் நிற்கவில்லை. படபடப்பு அடங்கியபின் எடுக்கும் இ.சி.ஜி. பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். வரும்போதே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடி எடுத்துவிட வேண்டும். அந்தத் தாளைத் தொலைக்கவும் கூடாது.

உங்கள் மகளுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தர மாட்டார்கள், அம்மா. துடிப்பு எகிறும்போது, "வீட்டில் வருவது இதேதானா?" என்று கேட்பார்கள்.