விலையும் வண்ணமும்

ஒரு பொருளின் விலையைக் கேட்டறிதல் எளிது. அவ்விலை எவ்வாறு உருப்பெற்றது என ஆராய்ந்தறிதல் அரிது. கடை வாயிலில் பளபளக்கும் புதிய மோட்டார் சைக்கிளைக் காணும் இளைஞர் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. 'என்ன விலை?' என்பது ஒன்று; 'என்னென்ன வண்ணங்களில் கிடைக்கும்?' என்பது மற்றொன்று. இவற்றிற்கு விடை காணப் புகுந்தால், பொறியியல், வாணிகம், அரசாங்க வரி, மனித மனத்தின் இயல்பு ஆகிய யாவும் அவ்விடையில் பின்னிக் கிடத்தலைக் காணலாம்.

பந்தய வண்டியின் சாயலில் அமைந்த மோட்டார் சைக்கிள்களில் பெரியனவும் உண்டு. முதன்முறை வாங்குவோர்க்கென அமைந்த சிறியனவும் உண்டு. பெரியவற்றுள் பல நான்கு சிலிண்டர்களை உடையன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பிஸ்டனும் வால்வுகளும் வேண்டும்; ஆகவே செலவும் எடையும் பெருகும். சிறிய வண்டிகளிலோ பெரும்பாலும் ஒரே சிலிண்டர்தான் இருக்கும். காற்றைப் பிளந்து செல்லும் முகப்புறையும் தாழ்ந்த கைப்பிடியும் இரண்டிற்கும் பொது. தோற்றம் பந்தய வண்டியினுடையதாகவும், விலை நடுத்தரக் குடும்பத்திற்கு எட்டுவதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே சிறிய வண்டியை அமைப்போரின் நோக்கமாகும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் உள்ளது. அங்குள்ள டி.வி.எஸ். நிறுவனம், செருமனி நாட்டுப் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்துடன் 2013ஆம் ஆண்டில் ஓர் உடன்பாடு செய்துகொண்டது. சிறிய எஞ்சின் ஒன்றை அமைத்து, அதனைக் கொண்டு இரு நிறுவனங்களும் தத்தம் பெயரில் வண்டிகளை வெளியிடுவது என்பதே அவ்வுடன்பாடு. 2017 டிசம்பரில் டி.வி.எஸ். தனது அப்பாச்சி ஆர்.ஆர். 310 என்னும் வண்டியை வெளியிட்டது. தில்லிக் காட்சியகத்தில் அதன் தொடக்க விலை 2,05,000 ரூபாய். மறு ஆண்டு ஜூலையில் பி.எம்.டபிள்யூ. தனது ஜி 310 ஆர் வண்டியை இந்தியாவில் 2,99,000 ரூபாய்க்கு வெளியிட்டது.

இரண்டும் பிறந்த ஆலை ஒன்று. இரண்டிற்கும் அடிப்படையான எஞ்சினும் ஒன்று. விலையோ ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் வேறுபட்டது! முகப்புறை உடைய வண்டி குறைந்த விலைக்கும், அஃது இல்லாத வண்டி மிகுந்த விலைக்கும் விற்கப்பட்டன. செலவு மட்டுமே விலையை முடிவு செய்யுமாயின் இவ்வளவு வேற்றுமை எழ இடமில்லை. வாங்குவோர் ஒரு பெயருக்குத் தரும் மதிப்பும் விலையில் கலந்து நிற்கின்றது. எனினும் பெயரின் மதிப்புக்கும் எல்லையுண்டு. 2020 அக்டோபரில் அதே ஜி 310 ஆர், புதிய மாசுக்கட்டுப்பாட்டு விதிக்கேற்பத் திருத்தப்பட்டும், 2,45,000 ரூபாய்க்கு இறங்கிவந்தது. அவ்வாண்டு சனவரியில் வெளிவந்த திருத்திய அப்பாச்சியின் விலையோ 2,40,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. விற்பவன் ஒரு விலையைச் சொல்லலாம். அதனை நிலைபெறச் செய்பவர் வாங்குவோரே.

காட்சியக விலையே முழு விலை அன்று. அதில் சரக்கு சேவை வரி அடங்கியிருக்கும். சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீடு ஆகியவை அடங்கா. 350 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத எஞ்சினையுடைய மோட்டார் சைக்கிள்களுக்கு 28 விழுக்காடாக இருந்த சரக்கு சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 100 ரூபாய் அடிப்படை விலையுள்ள பொருள் முன்பு 128 ரூபாய்க்கு விற்றது. பின்பு 118 ரூபாய்க்கு விற்கும். வரியில் பத்து விழுக்காடு குறைந்தபோதிலும், வாங்குவோர் கொடுக்கும் தொகையில் ஏறத்தாழ எட்டு விழுக்காடே குறையும் என்பது இக்கணக்கினால் விளங்கும்.

இனி வண்ணத்தைக் காண்போம். அப்பாச்சி ஆர்.ஆர். 310 முதலில் சிவப்பு, கறுப்பு என்னும் இரு வண்ணங்களில் மட்டுமே வந்தது. புதிய வண்டிக்கு வண்ணங்கள் சிலவாகவே இருத்தற்குத் தக்க காரணம் உண்டு. எரிபொருள் தொட்டி உலோகத்தாலும் முகப்புறை பிளாஸ்டிக்காலும் ஆனவை. இரண்டிலும் பூசிய வண்ணம் வேறுபாடின்றி ஒத்திருத்தல் வேண்டும். மேலும், வண்ணங்கள் பெருகப் பெருக, விற்பனையாளர் ஒவ்வொன்றிலும் வண்டிகளை வாங்கி நிறுத்த நேரும். விலைபோகாத வண்ணத்தில் அவர் இட்ட முதல் முடங்கிவிடும்.

அமெரிக்காவில் 1908இல் 850 டாலருக்கு வெளிவந்த ஃபோர்டு டி வகைக் கார், 1914 முதல் 1925 வரை கறுப்பு வண்ணத்தில் மட்டுமே செய்யப்பட்டது. தொடர் உற்பத்தி முறையும், எல்லா வண்டிகளையும் ஒரே மாதிரியாகச் செய்யும் எளிமையும் சேர்ந்து அதன் விலையை 300 டாலருக்கும் கீழே கொணர்ந்தன. ஆயினும், போட்டியாளர் பல வண்ணக் கார்களை விற்கத் தொடங்கவே, ஃபோர்டும் மீண்டும் வண்ணங்களுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மலிவு மட்டும் மக்கள் மனத்தை என்றும் கட்டி வைப்பதில்லை.

சில வண்ணங்கள் நிறுவனத்தின் அடையாளமாகவே ஆகிவிடுகின்றன. பந்தயக்காரர் பலர் பச்சையைத் தீய நிமித்தமாகக் கருதிய காலம் ஒன்றிருந்தது. ஜப்பானின் கவாசாகி நிறுவனமோ 1969இல் அமெரிக்காவின் டேட்டோனா பந்தயத்தில் பச்சை வண்டிகளைத் துணிந்து இறக்கியது. இன்று பச்சை மோட்டார் சைக்கிளைக் கண்டதும் பலர் நினைவுக்கு வருவது அந்நிறுவனமே.

வண்ணத்திற்கே தனி விலை வைப்பதும் உண்டு. 2024 செப்டம்பரில் வெளிவந்த அப்பாச்சி ஆர்.ஆர். 310இல், ஒரே வசதிகளை உடைய சிவப்பு வண்டி 2,92,000 ரூபாய்க்கும், சாம்பல் வண்ண வண்டி 2,97,000 ரூபாய்க்கும் விற்கப்பட்டன. அந்த ஐயாயிரம் ரூபாய் வண்டியின் விரைவைக் கூட்டுவதில்லை. அதனை நிறுத்தும் ஆற்றலையும் கூட்டுவதில்லை. அது கண்ணுக்குச் செலுத்தும் விலையாகும். அதே தொகைக்குத் தலையைக் காக்கும் நல்ல தலைக்கவசம் ஒன்று வாங்கலாம்.

அழகை விரும்புதல் குற்றமன்று. ஆயினும், குடும்பம் பல ஆண்டு சேர்த்த பொருளைச் செலவிடும் இளைஞர், தாம் கொடுக்கும் தொகையில் பொறிக்கு எவ்வளவு, பெயருக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு, வண்ணத்திற்கு எவ்வளவு என்று பகுத்துப் பார்த்தல் வேண்டும். அவ்வாறு பகுத்துணர்ந்த பின் சிவப்பைத் தேர்ந்தாலும் சாம்பலைத் தேர்ந்தாலும் அத்தேர்வு அவருடையதாகும்; அறியாது தேர்ந்தாலோ, அது விற்பவருடைய தேர்வே ஆகும்.