மூன்று விரல் பிரௌன்

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அப்படியே அமெரிக்க மக்களுக்குப் பேஸ்பால். அதில் பந்தெறிபவரைப் ‘பிட்சர்’ என்பர். கிரிக்கெட்டில் பந்து பெரும்பாலும் தரையில் பட்டுத் திரும்பும். பேஸ்பாலிலோ பந்து தரையைத் தொடாமலே மட்டையாளரை அடைதல் வேண்டும். ஆகவே, வளைவதும் தாழ்வதும் காற்றிலேயே நிகழ வேண்டும். அதற்கு விரல்களின் பிடியே முதன்மையானது.

விரல் சிதைந்த கையோடு இக்கலையில் உயர்ந்தவர் மோர்டெகாய் பிரௌன். அவர் 1876ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்திலுள்ள நைஸ்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது, தீவனம் வெட்டும் எந்திரத்தில் அவரது வலக்கை சிக்கிற்று. சுட்டுவிரலின் பெரும்பகுதி துண்டாயிற்று. பின்னர்க் கீழே விழுந்ததில் வேறு விரல்களும் முறிந்தன. நடுவிரல் வளைந்தபடியே கூடிற்று. ‘மூன்று விரல்’ என்னும் பட்டப்பெயர் கணக்கிற்குப் பொருந்தாது. எனினும் அதுவே நிலைத்துவிட்டது.

குட்டையான விரலில் அழுந்தி விடுபடும் பந்து விந்தையாகச் சுழன்று, மட்டையாளரின் அருகே சட்டெனத் தாழ்ந்தது. ஊனமே வரமாயிற்று என்று கூறுவது எளிது. ஆனால், பிரௌன் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். தொழிலாளர் அணியில் ஆடிப் பழகியவர். பெரிய அணியொன்றில் இடம்பெற்றபோது அவருக்கு வயது 26.

1903இல் செயின்ட் லூயிஸ் அணியில் ஆடிய அவர், மறு ஆண்டே சிகாகோ கப்ஸ் அணிக்கு மாறினார். 1906இல் அவரது சராசரி 1.04. அதாவது, தடுப்பாளர் பிழையால் வந்தவற்றை நீக்கினால், ஒன்பது சுற்றுகளுக்கு அவர் விட்டுக்கொடுத்தது ஏறத்தாழ ஓர் ஓட்டமே!

1908 அக்டோபர் 8 அன்று நியூயார்க்கில், பட்டத்திற்குரிய அணியை முடிவு செய்யும் ஆட்டம் நடைபெற்றது. நியூயார்க் அணிக்குப் பந்தெறிந்தவர் புகழ்பெற்ற கிறிஸ்டி மேத்யூசன். சிகாகோவின் பிட்சர் முதற்சுற்றிலேயே தடுமாற, பிரௌன் களமிறங்கினார். எதிரணி ரசிகர்களின் ஆரவாரத்திற்கு நடுவே இறுதிவரை எறிந்தார். சிகாகோ 4–2 என வென்றது. அவ்வாண்டு உலகத் தொடரையும் கைப்பற்றியது.

இருவரும் 1916 செப்டம்பர் 4 அன்று மீண்டும் எதிரெதிரே நின்றனர். முன்னைய கூர்மை இருவரிடமும் இல்லை. மேத்யூசனின் சின்சினாட்டி அணி 10–8 என வென்றது. இருவர்க்கும் அதுவே கடைசி ஆட்டம். பிரௌனின் மொத்த வெற்றிகள் 239. பேஸ்பால் புகழரங்கில் அவர் பெயர் 1949இல் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே அவர் மறைந்திருந்தார்.