உங்களுக்குத் தெரியுமா? கஞ்சியோடு வடியும் நஞ்சு

குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970-களில் வங்கதேசம் எங்கும் அடிபம்புகள் போடப்பட்டன. தெளிந்த நீர்தான் வந்தது. ஆனால் பல இடங்களில் அதில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருந்தது. நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. பல ஆண்டுகள் குடித்தவர்களின் உள்ளங்கையும் பாதமும் தடித்துச் சொரசொரத்த பிறகே விஷயம் வெளிவந்தது. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோயையும் இது உண்டாக்கும். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

குடிநீரில் மட்டுமல்ல, அரிசியிலும் ஆர்சனிக் சேரலாம். நெல்லுக்கு ஏன் இந்த ஆபத்து? நீர் கட்டி நிற்கும் வயலில் மண்ணுக்குக் காற்று கிடைப்பதில்லை. அப்போது இரும்புத் தாதுக்களில் ஒட்டியிருக்கும் ஆர்சனிக் கரைந்து வெளியேறுகிறது. நெற்பயிர் தனக்கு வேண்டிய சிலிக்காவை உறிஞ்சும் அதே வழியில் இதுவும் வேருக்குள் நுழைந்துவிடுகிறது. வயலைக் காயவிட்டுப் பாய்ச்சினால் இந்த வரத்து குறையும்.

சமையலறைத் தீர்வு: அரிசியை நன்றாகக் களைந்து, ஒரு பங்குக்கு ஆறு பங்கு நீர் வைத்துக் கொதிக்கவிட்டு, கஞ்சியை வடித்துவிட்டால் ஆர்சனிக் ஏறத்தாழ பாதி வரை குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. குக்கர் வருவதற்கு முன் நம் பாட்டிமார் சோறு வடித்த முறைதான்! ஒன்று மட்டும் கவனம்: உலையில் வைக்கும் நீர் நல்ல நீராக இருக்கவேண்டும்.