முற்றத்து லில்லி: அழகும் அவதானமும்



கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் குடியிருப்பவர்கள் நாம். காத்தான்குடியிலும் அதை அண்டிய ஊர்களிலும் வளவுகள் சிறியவை. ஊற்றும் தண்ணீர் நொடியில் மணலுக்குள் இறங்கிவிடும். "இந்த மணலில் என்ன பூ வரப்போகிறது?" என்று ஆசையையே விட்டுவிட்டவர்கள் பலர். அவர்களுக்கு ஏற்றது லில்லி.

பூக்கடைகளில் விலை கூடிய பூங்கொத்தில் வரும் பெரிய லில்லி குளிர்ப் பிரதேசத்துப் பயிர். நமது வெப்பத்தில் அது நிலைக்காது. நமக்கு உகந்தவை மூன்று: முதல் மழை பெய்ததும் பூக்கும் மழை லில்லி, எக்காளம் போல் விரியும் சிவப்பு லில்லி, இரவில் மணக்கும் வெள்ளைச் சிலந்தி லில்லி. இவற்றில் சிலந்தி லில்லி உப்புக் காற்றையும் தாங்கும்.

மாரி மழை தொடங்குமுன், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் கிழங்கை நடுங்கள். மணலுடன் நன்கு மக்கிய மாட்டெருவும் குப்பை எருவும் கலந்துகொள்ளுங்கள். பச்சைச் சாணம் கிழங்கை அழுகச் செய்யும். மழை லில்லியை 2 அங்குல ஆழத்தில், 3 அங்குல இடைவெளியில் வையுங்கள். சிவப்பு லில்லியின் கழுத்துப் பகுதி மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும். சிலந்தி லில்லி புதராகப் பெருகும். ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். பூச்சாடியில் வைப்பதானால் அடியில் துளை அவசியம்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்னந்தும்பையோ காய்ந்த இலைகளையோ அடியில் பரப்பினால் ஈரம் காயாது. கிணறு நல்ல தண்ணீராக இருந்தால், வுழூச் செய்யும் தண்ணீரைப் பாத்திக்கு ஓடவிடுங்கள். சவர்க்காரம் கலக்காத அந்தத் தண்ணீர் வீணாக வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 இல் கடல் புகுந்தபோது நமது கரையோரக் கிணறுகள் பல உவர்ந்து போனதை மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள். அந்தப் பாத்திரத்தை மூடியே வையுங்கள். திறந்து கிடந்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும்.

இலைகளைக் குடைந்து கிழங்குவரை இறங்கும் கறுப்புப் புழுக்கள் லில்லியின் பெரிய எதிரி. காலையில் இலையடியைப் பார்த்து, பொறுக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள்.

இனி முக்கியமான விடயம். இம்மூன்றும் வெங்காயத்துக்கு நெருங்கிய உறவு. கிழங்கும் பார்வைக்கு வெங்காயம் போலவே இருக்கும். ஆனால் அது நஞ்சு. தின்றால் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். கடற்கரைகளில் தானாக வளரும் இவற்றின் இனத்துச் செடியொன்றுக்கு 'விஷமூங்கில்' என்று முன்னோர் பெயரிட்டது வீணுக்கல்ல. ஆகவே தோண்டிய கிழங்கைக் குசினியில் வைக்காதீர்கள். ஆடு, குழந்தை எட்டாத இடத்தில் நடுங்கள். வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.

இவற்றிலும் கொடியது, வேலிகளில் படர்ந்து தீச்சுடர் போல் பூக்கும் கார்த்திகைப்பூ. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தள் இதுவே. இதன் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணி அவித்துத் தின்று உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. முதலில் வாந்தியும் வயிற்றோட்டமும்தான். சற்றுத் தேறியது போலவும் தோன்றும். ஓரிரு நாளில் உள்ளுறுப்புகள் செயலிழக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை வளர்க்கவே வேண்டாம்.

யாராவது தவறித் தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்; வாந்தி எடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மிஞ்சிய கிழங்கையோ இலையையோ கையில் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தின்றது எதுவென்று தெரிந்தால் வைத்தியருக்குப் பாதி வேலை குறையும்.

இரண்டு மூன்று வருடத்தில் ஒரு கிழங்கு பத்தாகப் பெருகும். அயல் வீட்டாருக்கும் மச்சிமாருக்கும் பிரித்துக் கொடுப்பீர்கள். அப்போது, "இது வெங்காயமல்ல, பிள்ளைகள் கவனம்" என்ற வார்த்தையையும் மறக்காமல் சேர்த்துக் கொடுங்கள்.