அடைக்கல மாதாவின் ஊரிலிருந்து – 9: எட்டுக் குரல்களில் ஒரு வியாகுலம்

ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் ஆக்கிய வீரமாமுனிவர், தேம்பாவணியோடு அமையாமல், மைந்தனை இழந்த மாதாவின் துயரை அன்னை அழுங்கல் அந்தாதியாகவும் பாடினார் என்பதைச் சென்ற வாரம் கண்டோம். அவ்வந்தாதியின் யாப்பை இவ்வாரம் ஆராய்வதாகச் சொல்லியிருந்தேன். ஆயினும், அதே துயரை, முனிவர் பிறப்பதற்கு ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே, ரோமாபுரியில் எட்டுக் குரல்களுக்கு அமைத்துத் தந்த பலஸ்த்ரீனாவின் ‘ஸ்டாபாத் மாத்தேர்’ என்னும் திருப்பாடல் என் சிந்தையை முற்றும் ஆட்கொண்டுவிட்டபடியால், அதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

குருத்தோலை ஞாயிறன்று போப்பாண்டவரின் சிஸ்டைன் ஆலயத்தில், வாத்தியம் ஏதுமின்றி, இரு குழுவினர் மாறி மாறிப் பாடிய பாடல் அது. வீட்டில் ஆர்மோனியம் உள்ளவர்கள் அதன் தொடக்கத்தைத் தாமே கேட்கலாம்: ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் ஒருங்கே அழுத்துக, அடுத்து, கீழே கைசிகி நிஷாதமும், மேலே சதுசுருதி ரிஷபமும் சுத்த மத்யமமும், பின்பு, கீழே சுத்த தைவதமும், மேலே ஷட்ஜமும் சாதாரண காந்தாரமும். அடிக்குரல் படிப்படியாக இறங்குகிறது. முதல் அடுக்கில் பிரகாசித்த அந்தர காந்தாரம் மூன்றாம் அடுக்கில் சாதாரண காந்தாரமாகத் தாழ்ந்துவிடுகிறது. கதறலில்லை, விம்மலில்லை, சிலுவையடியில் நிற்பவள் நின்றபடியே தளர்கிறாள். சோக ரஸத்தை இத்துணை அடக்கத்தோடு காட்டிய சங்கீதம் உலகில் அரிது என்றே கருதுகிறேன். 1848-இல் ஜெர்மானிய மேதை வாக்னர் இதைத் தம் கையால் செப்பனிட்டுத் திரெஸ்தன் நகரில் பாடுவித்ததில் வியப்பென்ன?

இவ்வடக்கத்தின் காரணத்தை ஒரு கடிதம் விளக்குகிறது. மாந்துவா நாட்டுப் பிரபு குலியெல்மோ கொன்சாகா, தாம் இயற்றிய திருப்பாடல் ஒன்றைப் பலஸ்த்ரீனாவின் பார்வைக்கு அனுப்ப, 1570-இல் எழுதிய மறுமொழியில், சொற்பொருளுக்கேற்ற உயிர் அதில் துலங்குவதைப் பாராட்டிய அந்த ஆசிரியர், குரல்கள் நெருங்கிப் பின்னியதால் சொற்கள் கேட்போர் செவிக்கு மங்குகின்றன என்பதையும் பணிவோடு சுட்டினார். பிரபுவென்று பாராமல் சொன்ன அந்த விதியைத் தாமும் காத்தார் என்பதற்கு இப்பாடலே சாட்சி: எண்மரும் சேர்ந்து பாடும்போதும் சொல் தெளிவாகக் கேட்கிறது.

அதே கொன்சாகா வம்சத்தின் கிளையினர் ஆண்டதும், அவ்வம்சத்து அர்ச். ஞானப்பிரகாசியார் 1568-இல் அவதரித்ததுமான கஸ்திலியோனே என்னும் சிற்றூரிலேதான் 1680-இல் நம் முனிவரும் பிறந்தார். இன்னொன்றும் உண்டு: திரெந்து சங்கத்துக்குப்பின் பூசையினின்று நீக்கப்பட்டிருந்த ‘ஸ்டாபாத் மாத்தேர்’ என்னும் லத்தீன் செய்யுளை, தேம்பாவணி முற்றுப்பெற்ற 1726-க்கு அடுத்த ஆண்டிலேயே பதின்மூன்றாம் பெனடிக்ட் போப்பாண்டவர் மீண்டும் பூசையில் சேர்த்தார். வியாகுல மாதாவின் பக்தி அக்காலத்தில் எவ்வளவு பெருகியிருந்ததென்பதற்கு இது போதும்.

அந்தப் பக்தியைக் கொள்ளிடக் கரைக்குக் கொணர்ந்த முனிவர், பல குரல் பின்னலை விடுத்து, ஒரு செய்யுளின் ஈறே அடுத்ததன் முதலாகும் நம் அந்தாதியைத் தேர்ந்தது ஏன் என்ற வினாவை, பக்கம் நிரம்பிவிட்டமையால், அடுத்த வாரம் யாப்போடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.